பதினெட்டுக் குமிழ்

குடிவந்த வருசம்
படப்புத்தகம் புரட்டி நானே விரல் வைத்துக் காட்டியவை.
பித்தளைப் பூச்சு, நெல்லிக்காய்ப் பருமன்.
அலமாரிக்கு எட்டு, இழுப்பறைக்குப் பத்து.
வருகிற ஒறம்பரையெல்லாம்
ஒன்றையாவது தொட்டுப் பார்க்காமல் போனதில்லை.

அப்போது இந்த விரல்கள்
நாளுக்கு எண்ணூறு உருப்படி ஓவர்லாக் ஓட்டின.
சந்தகை நாழியை
மூணு படி அரிசிக்கும் ஒற்றையாளாய்த் திருகின.

இப்போது காலை ஏழரை வரைக்கும்
என் பேச்சைக் கேட்பதில்லை.
டாக்டர் அதற்கு ஒரு பேர் சொன்னார்.
ராத்திரியில் யாரோ வந்து
கணுக்கணுவாய்ச் சிமெண்ட் பூசிவிட்டுப் போவதாக
நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு குமிழைப் பிடிக்க மூன்று விரல் வேண்டும்.
மூன்றும் ஒரே நேரத்தில் சம்மதிக்க வேண்டும்.
அரிசிம்பருப்புக்குச் செலவுச் சாமான் உள்ளே,
நான் வெளியே.
முழங்கையால் தட்டினேன்.
கரண்டிக் காம்பை இடுக்கில் விட்டு நெம்பினேன்.
ஆளில்லாத ஒரு மத்தியானம்
குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன்.
பித்தளைப் பூச்சு
மாத்திரை அளவுக்குக் கசக்காது.

வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து நாடா கொண்டுவந்தார்,
ஷேடு தப்பியதென்று கழித்தது.
பனி பெய்கிற ஏதோ ஊரில்
ஒரு பிள்ளையின் தொப்பிச் சட்டைக் கழுத்தில்
முடிச்சாகியிருக்க வேண்டியது.
குமிழுக்கொரு வளையம் கட்டினார்.
மணிக்கட்டை நுழைத்து மாடு மாதிரி இழுத்தேன்.
திறந்தது.
ஒறம்பரை வரும் நாளில் அவிழ்த்துவிடச் சொன்னால்
காது கேட்காதவர்போல்
பேப்பரைத் திருப்பிக்கொள்வார்.

அவிநாசியிலிருந்து நல்லசிவம் வந்தார்.
இந்த அலமாரிகளைச் செய்தவரே அவர்தான்.
டேப்பை உருவியவர் மரத்தை அளக்கவில்லை.
"எப்படித் தொறப்பீங்கன்னு காட்டுங்க."
காட்டினேன், பல்லை மட்டும் விட்டுவிட்டு.
முழுசாய் மூடாத என் கை
எவ்வளவு மூடுகிறதென்று அளந்தார்.
முழங்கை உயரத்துக்குச் சுவரில் பென்சில் கோடு.
அப்புறம் பேச்சில்லாமல்
மாஸ்கிங் டேப்பைத் தன் விரல்களில்
முட்டி மடங்காதபடி சுற்றிக்கொண்டு
முதல் குமிழிடம் போனார்.
வழுக்கியது.
மறுபடியும்.
"எந்தக் கிறுக்கன் வெச்சதுங்க இது?"
நான் வாயே திறக்கவில்லை.
"நாந்தானுங்க" என்றார், கொஞ்சம் கழித்து.

மூன்று நாள் மரத்தூள்.
ஒரு சாண் நீளக் கம்பிப் பிடிகள்,
நாலு விரலும் படுத்தவாக்கில் நுழையும்படி.
கீழ்க் கதவுகள் போய் இழுதட்டுகள் வந்தன;
குண்டாவும் போசியும்
கூப்பிட்ட பிள்ளைகள் மாதிரி முன்னால் வந்து நிற்கின்றன.
அரிசி டின்னுக்கு அடியில் சக்கரம்.
காந்தங்களைப் பிடுங்கி எறிந்தார்:
"பசக்குன்னு புடிச்சுக்குமுங்க, உங்களுக்காகாது."
அட்டாலி மட்டும் அட்டாலியாகவே இருக்கிறது.
சந்தகை நாழி அங்கே ஏறிவிட்டது.
அதற்கு அவரிடம் அளவில்லை.
நானும் கேட்கவில்லை.

நாடாக்களை அறுத்துக்கொண்டே வந்தவரை
கடைசி இழுப்பறையில் நிறுத்தினேன்.
"அதொண்ணு கெடக்கட்டுமுங்க."
ஏன் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

கழற்றிய குமிழ்கள் ஒரு கவரில் குலுங்கின.
"வேற வூட்டுக்கு ஆகுமுங்க, எடுத்துக்கட்டுங்களா?"
"எடுத்துக்குங்க.
மாட்டறதுக்கு முன்னால
அந்த வூட்டுக்காரி கையை ஒருக்கா பாத்துக்குங்க."

மறுநாள் ஆறரைக்கே கூலிக்கு வந்து நின்றார்,
வேறு வேலைக்குப் போகிற வழியில்.
நோட்டெண்ணும் நேரமில்லை என் கைக்கு.
முன்கையைக் கம்பியில் கோத்து இழுத்தேன்.
இழுப்பறை சத்தமில்லாமல் வந்தது,
கடுகு டப்பாவுக்குப் பின்னால் பணத்தோடு.
"நீங்களே எண்ணி எடுத்துக்குங்க."

எனக்குக் கேட்கும்படி
ஒவ்வொன்றாய்ச் சத்தமாக எண்ணினார்.
ஒட்டிக்கொண்டு வந்த ஓர் ஐந்நூறை
எச்சில் தொட்டுப் பிரித்து
உள்ளேயே வைத்தார்.
நான் இடுப்பால் மூடினேன்.